யோனாவின் சினம்: தேவநீதியும் இரக்கமும் குறித்து ஒரு நோக்கு

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டிலுள்ள யோனா நூலை நம்மிற் பெரும்பாலோர் ஒரு மீனின் கதையாகவே நினைவிற் கொண்டுள்ளோம். ஞாயிறுப் பாடசாலையிற் சிறுவர்க்குப் படம் வரைந்து காட்டப்படும் பகுதியும் அதுவே. ஆயின், நான்கே அதிகாரங்கள் கொண்ட அச்சிறு நூலில் மீன் தோன்றி மறையும் இடம் மிகக் குறுகியது. நூலின் உயிர்நிலை இறுதி அதிகாரத்தில் உள்ளது. அங்கே தீர்க்கதரிசி ஒருவன் கடவுளோடு சினங்கொண்டு, சாவைத் தருமாறு கேட்கின்றான். அவன் சினத்திற்குக் காரணம் கடவுள் அநியாயம் செய்தார் என்பதன்று. இரக்கம் காட்டிவிட்டார் என்பதே.

இச்சினத்தைக் குறுகிய மனமுடைய ஒருவனின் பிடிவாதமென்று கூறிக் கடந்துவிடுவது பிரசங்கிமாரின் வழக்கம். அங்ஙனம் கடந்துவிடுவது எளிது, ஆனால் நேர்மையன்று. யோனா அனுப்பப்பட்ட நினிவே, அசீரியப் பேரரசின் பெருநகர். அசீரியப் படைகள் கி.மு. 722ஐ ஒட்டிச் சமாரியாவை வீழ்த்தி, இஸ்ரவேலின் வட அரசை இல்லாதொழித்து, அதன் மக்களை நாடுகடத்தின. கி.மு. 701இல் யூதாவின் லாக்கீசு நகரம் முற்றுகையிடப்பட்டு அழிந்தது. அந்த அழிவை அசீரியர் மறைக்க முயலவில்லை. சனகெரிபு மன்னன் நினிவேயிலிருந்த தன் அரண்மனைச் சுவரில் அதனைக் கற்சிற்பமாகச் செதுக்குவித்தான். கழுவேற்றப்பட்ட மனிதரும், மூட்டை முடிச்சுகளோடு வெளியேற்றப்படும் குடும்பங்களும் அச்சிற்பங்களில் உள்ளனர். இன்று அவை இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் இருக்கின்றன. யோனா நூல் எழுதப்பட்ட காலம் பாபிலோனியச் சிறையிருப்பிற்குப் பிந்தியதென்பர் ஆய்வாளர் பலர். அவர்கள் கூற்றுப்படி, அந்நூலை முதலிற் படித்தவர்கள் நினிவேயினால் தம் முன்னோர் பட்டதை அறிந்தவர்கள். நினிவேயின் மனந்திரும்புதல் அவர்களுக்கு இனிய செய்தியாக இருந்திருக்க முடியாது. தங்கள் வீட்டை எரித்தவன் உபவாசம் இருந்தான், ஆகையால் அவனுக்கு ஒன்றும் நேராது என்று கேள்விப்படுபவனின் நிலை அது.

யோனா தன் குற்றச்சாட்டை எங்ஙனம் சொல்கின்றான் என்பது ஈண்டு உற்றுநோக்கத்தக்கது. யாத்திராகமம் முப்பத்து நான்காம் அதிகாரத்தில் கடவுள் மோசேயின் முன் கடந்து சென்று தம் இயல்பை அறிவிக்கும் பகுதி ஒன்றுண்டு. இஸ்ரவேலரின் விசுவாச அறிக்கை என்றே அதனைக் கூறலாம். அதன் முற்பகுதி கடவுளை இரக்கமும் கிருபையும் உடையவராகவும், நீடிய சாந்தமுடையவராகவும் காட்டுகின்றது. பிற்பகுதியோ, குற்றவாளியை அவர் ஒருபோதும் குற்றமற்றவனாக விட்டுவிடார் என்கின்றது. யோனா முற்பகுதியை மட்டும் எடுத்து, அதனையே முறைப்பாடாக மாற்றிக் கடவுளின் முகத்தில் வீசுகின்றான். நீர் இப்படிப்பட்டவர் என்பது எனக்கு முன்னமே தெரியும், அதனாலேதான் தர்சீசுக்கு ஓடினேன் என்பது அவன் வாதத்தின் சாரம். பன்னிரு சிறு தீர்க்கதரிசிகளின் வரிசையில் ஐந்தாவது யோனா, இடையில் மீகா, ஏழாவது நாகூம். நாகூமின் நூலும் நினிவேயைப் பற்றியதே. அந்நூல் தன் தொடக்கத்திலேயே அதே அறிக்கையை எடுத்தாள்கின்றது. நீடிய சாந்தத்தைச் சொன்ன கையோடு, குற்றவாளியை விட்டுவிடார் என்னும் பிற்பகுதிக்குச் சென்றுவிடுகின்றது. நினிவே கி.மு. 612இல் வீழ்ந்தது. ஒரே நகரம், ஒரே விசுவாச அறிக்கை. ஒரு நூல் அதன் ஒரு பாதியையும் மற்றது மறுபாதியையும் கைக்கொள்கின்றன. இவ்விரண்டையும் ஒரே சுருளில் வைத்துத் தொகுத்தோர் முரண்பாட்டை அறியாதவர் என எண்ணுவதற்கில்லை.

தேவநீதி, தேவஇரக்கம் என்னும் இரண்டும் எவ்வாறு ஒருவரிடத்தே பொருந்தும் என்பது கிறிஸ்தவ இறையியலின் மிகப் பழைய வினா. அதற்குக் கூறப்பட்ட விடைகளிற் பெரும்பாலானவை இரு தரப்பாரை மட்டுமே கருத்திற் கொண்டன: ஒருவர் கடவுள், மற்றவர் பாவி. யோனா நினைவூட்டுவது மூன்றாம் தரப்பொன்றை; அதாவது பாவத்தாற் பாதிக்கப்பட்டவரை. இம்மூன்றாமவரை மறந்துவிட்டு இவ்வினாவிற்கு விடை காண முடியுமா என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

முதலிற் சொற்களை நோக்குவாம். தமிழில் 'நீதி' என்றதும் நம் மனத்தில் எழுவது நீதிமன்றம், நீதிபதி, தீர்ப்பு, தண்டனை. மேலைத்தேயத்தில் இலத்தீன் மொழியின் வழியே வந்த கருத்தும் ஏறத்தாழ இதுவே. அவரவர்க்கு உரியதை அவரவர்க்குக் கொடுத்தல் என்று உரோமச் சட்ட அறிஞர் நீதியை வரையறுத்தனர். ஆனால் எபிரேயத்தில் 'செதாக்கா' எனப்படும் சொல், உறவொன்றிற்கு உண்மையாக நடந்துகொள்ளுதல், ஒடுக்கப்பட்டவனை நிமிர்த்துதல் என்னும் பொருள்களையும் உடையது. ஏசாயா நூலின் பிற்பகுதியில் அது 'மீட்பு' என்னும் சொல்லோடு இணையாக மீண்டும் மீண்டும் வருகின்றது. நியாயாதிபதிகள் ஆகமத்தில் வரும் நியாயாதிபதிகள் வழக்குக் கேட்டதைவிட, மக்களை எதிரிகளிடமிருந்து விடுவித்ததே அதிகம். சங்கீதங்கள் சிலவற்றில் ஆண்டவர் நியாயந்தீர்க்க வருகிறார் என்பதற்காகக் கடலும் காட்டு மரங்களும் களிகூர்கின்றன. தீர்ப்புநாள் என்றதும் நடுங்கப் பழகிய நமக்கு இக்களிப்பு விளங்குவதில்லை. ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் 1958இல் வெளியிட்ட சங்கீதங்கள் பற்றிய நூலில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். கிறிஸ்தவன் தீர்ப்பைக் குற்றவியல் வழக்காக எண்ணித் தன்னை எதிரிக்கூண்டில் நிறுத்துகின்றான். பண்டைய யூதனோ அதனைக் குடியியல் வழக்காகக் கண்டு, தன்னை வழக்காளியின் இடத்தில் வைக்கின்றான் என்பது அவர் கருத்து. ஏழை விதவைக்குத் தன் வழக்கு விசாரிக்கப்படுவதே பெரும்பேறு. நீதிபதி வரவேண்டுமென்றே அவள் காத்திருக்கிறாள்.

லூதரின் கண்டுபிடிப்பும் இச்சொல்லைச் சுற்றியதே. தம் இறப்பிற்கு முந்திய ஆண்டான 1545இல், தம் இலத்தீன் நூல்களின் தொகுப்பிற்கு எழுதிய முன்னுரையில் அவர் அதனை நினைவுகூர்கின்றார். உரோமர் நிருபத்தின் முதலாம் அதிகாரத்தில் வரும் 'தேவநீதி' என்னும் தொடரைத் தாம் வெறுத்ததாகவும், அது பாவியைத் தண்டிக்கும் நீதியென்றே நெடுங்காலம் எண்ணியிருந்ததாகவும், பின்னர் அது கடவுள் பாவியை நீதிமானாக்கும் நீதியென உணர்ந்தபோது சுவர்க்கத்தின் வாயில் திறந்ததுபோல் இருந்ததென்றும் கூறுகின்றார். நம் தமிழ் மொழிபெயர்ப்புகளிலும் இதன் சுவடுண்டு. பழைய புரொட்டஸ்தாந்து வேதாகமம் 'நீதிமானாக்குதல்' என்று கூற, 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'ஏற்புடையவராக்குதல்' என்னும் தொடரை மேற்கொண்டது. முன்னையதில் நீதிமன்றத்தின் ஓசை கேட்கின்றது. பின்னையதில் ஓர் இல்லத்தின் கதவு திறக்கப்படும் ஓசை. இரண்டும் மூலத்தில் உள்ளவையே. இப்பொருள் குறித்து நான்கரை நூற்றாண்டு நீடித்த பிணக்கின் பின், 1999 ஒக்ரோபர் 31ஆம் திகதி ஜேர்மனியின் ஒக்ஸ்பேர்க் நகரில் உரோமன் கத்தோலிக்க திருச்சபையும் உலக லூதரன் சம்மேளனமும் கூட்டு அறிக்கையொன்றில் ஒப்பமிட்டன. மனிதன் தன் நற்செயலின் விலையாக அன்றி, கிருபையினாலேயே ஏற்றுக்கொள்ளப்படுகிறான் என்பதில் இரு சபைகளும் உடன்பட்டன. நல்லதே. ஆனால் அப்பிணக்கு முழுவதும் கடவுளுக்கும் பாவிக்கும் இடையிலான கணக்கைப் பற்றியதாகவே இருந்தது. பாவியினால் அடிபட்டவன் அந்த மன்றத்திற்கு வெளியே நின்றான்.

அன்செல்மின் நூலையும் இவ்வாறே நோக்கவேண்டும். இத்தாலியின் அவோஸ்தாவிற் பிறந்து, நோர்மண்டியின் பெக் மடத்தில் துறவியாகி, 1093 முதல் கன்ரபரியின் பேராயராக விளங்கிய அன்செல்ம், 'கடவுள் ஏன் மனிதரானார்' என்னும் நூலை நாடிழந்திருந்த காலத்தில், 1098இல் முடித்தார். போசோ என்னும் மாணவனோடு நிகழ்த்தும் உரையாடலாக அது அமைந்துள்ளது. பாவம் என்பது கடவுளுக்குரிய மாட்சியைக் கொடாதிருத்தல். அதற்கு ஈடு செய்யப்படவேண்டும், அன்றேல் தண்டனை விதிக்கப்படவேண்டும். ஈடு செய்யும் கடப்பாடு மனிதனுடையது. ஆற்றலோ கடவுளுக்கே உண்டு. ஆகவே கடவுளும் மனிதருமான ஒருவரே ஈடு செய்ய இயலும். இஃது அவர் வாதத்தின் எலும்புக்கூடு. இதனை நிலப்பிரபுத்துவத்தின் மான உணர்ச்சி என்று ஒதுக்கிவிடுவோர் பலர். அவ்வளவு விரைவாக ஒதுக்கற்க. கடவுள் வெறும் இரக்கத்தினால், ஈடு எதுவுமின்றி, பாவத்தை விட்டுவிட்டால் என்ன என்று அன்செல்மே கேட்கின்றார். அவ்வாறு செய்தால் பாவம் செய்தவனும் செய்யாதவனும் கடவுளின் முன் ஒன்றாகிவிடுவர். உலகின் ஒழுங்கு குலைந்துவிடும் என்பது அவர் கண்ட விடை. இது பிரபுவின் மானப் பிரச்சினை மட்டுமன்று. நடந்தது நடக்காததாகிவிடக் கூடாதென்னும் கவலையும் அதில் இருக்கின்றது. யோனாவின் கவலையும் அதுவே.

போசோவின் வினாக்களுள் ஒன்று இன்றும் கூர் மழுங்காதது. குற்றவாளிக்குப் பதிலாகக் குற்றமற்றவனைச் சாகவிடுவது எந்த நீதி? பேதுரு அபேலார்து பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில், உரோமர் நிருபத்திற்கு எழுதிய விளக்கவுரையில் இவ்வினாவை இன்னும் கடுமையாக எழுப்பினார். குற்றமற்றவரின் இரத்தத்தை விலையாகக் கேட்பது கொடுமையன்றோ என்றார். சிலுவை நம்மிடத்து அன்பை எழுப்பும் அன்பின் வெளிப்பாடு என்பது அவர் வலியுறுத்திய கருத்து. பிற்காலத்தில், சட்டம் பயின்ற கல்வினின் கையில் அன்செல்மின் 'ஈடு' என்பது 'பதில் தண்டனை' என மாறியது. அன்செல்ம் ஈட்டையும் தண்டனையையும் ஒன்றுக்கொன்று மாற்றுவழிகளாகவே வைத்தார் என்பதை நம் மேடைப் பிரசங்கங்கள் மறந்துவிட்டன. கடவுள் மகனை அடித்துத் தம் கோபத்தைத் தீர்த்துக்கொண்டார் என்பதுபோன்ற பேச்சிற்கு அன்செல்மைப் பொறுப்பாக்குதல் தகாது.

நம் நாட்டிற் சைவ மரபிற் பயின்ற ஒருவர்க்கு இவ்விவாதம் முழுவதுமே வேறு வடிவிற் தோன்றக்கூடும். செய்த வினை செய்தவனையே சேரும் என்னும் கொள்கையில், ஒருவன் கடனை இன்னொருவன் அடைத்தல் எவ்வாறு என்ற ஐயம் இயல்பானது. சைவ சித்தாந்தம் இறைவனின் தண்டிப்பையும் கருணையின் ஒரு வடிவமெனக் கொண்டு, அறக்கருணை, மறக்கருணை எனப் பகுத்துரைக்கும். நோயாளிக்கு வைத்தியன் கசந்த மருந்தை ஊட்டுவதுபோல என்று ஆசிரியர்கள் எமக்கு விளக்கியதுண்டு. இவ்விடத்து ஒப்பீட்டில் இறங்குவது எமது நோக்கமன்று. ஒன்றை மட்டும் சுட்டலாம்: வினைக் கொள்கையில் ஒரு செயலின் பயன் மறைந்தொழிவதில்லை. கிறிஸ்தவத்தின் மன்னிப்பு அங்ஙனம் மறைத்தொழிப்பதா என்னும் கேள்வி சைவ அன்பர்கள் கேட்கத்தக்கது; கிறிஸ்தவர்களும் தம்மைத் தாமே கேட்கவேண்டியது.

மறைத்தொழிப்பதே என்றால் அதனை ஏற்கவியலாதென்று மிக வன்மையாக எடுத்துரைத்தவர் தொஸ்தோயெவ்ஸ்கியின் இவான் கரமசோவ். 1879-80இல் வெளிவந்த அந்நாவலில், இவான் தன் தம்பியும் மடத்து மாணவனுமான அலியோஷாவிற்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றான். பண்ணையடிமைச் சிறுவன் எறிந்த கல் தளபதி ஒருவனின் வேட்டைநாயின் காலிற் பட்டுவிட, தளபதி மறுநாட் காலை அச்சிறுவனை ஓடவிட்டுத் தாயின் கண்முன்னே நாய்களை ஏவிக் கொல்லுகின்றான். இறுதியில் அண்டமெல்லாம் இசைந்து பாடும் நாளில் அத்தாய் அக்கொலைஞனைத் தழுவிக்கொள்வாள் என்றால், அந்த இசைவு தனக்கு வேண்டாம் என்பது இவான் முடிவு. தாய் தன் துயரத்தை மன்னிக்கலாம். தன் பிள்ளையின் வேதனையை மன்னிக்க அவளுக்கும் உரிமையில்லை. நுழைவுச்சீட்டைப் பணிவோடு திருப்பித் தருகின்றேன் என்கிறான். அவன் கடவுளை மறுக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. கடவுளின் இரக்கத்தையே அவன் மறுக்கின்றான். யோனாவும் நிழல் தந்த செடி வாடியபின் ஏறத்தாழ இதையே செய்தான்.

நாவலில் மட்டும் எழும் கேள்வி அன்று இது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், லெம்பேர்க் நகரில் நாசிகளின் கைதியாயிருந்த யூதர் சைமன் வீசந்தால் ஒருநாள் மரணப்படுக்கையிலிருந்த எஸ்.எஸ். படைவீரன் ஒருவனிடம் அழைத்துச் செல்லப்பட்டார். யூதக் குடும்பங்களை ஒரு வீட்டில் அடைத்து எரித்ததில் தனக்கிருந்த பங்கை அவன் ஒப்புக்கொண்டு, ஒரு யூதரின் வாயினின்றும் மன்னிப்பை வேண்டினான். வீசந்தால் பேசாமல் எழுந்து வெளியேறினார். பின்னாளில் 'சூரியகாந்தி' என்னும் நூலில் அதனை எழுதி, தாம் செய்தது சரியா என்று பலரிடம் கேட்டார். விடையளித்தோருட் கிறிஸ்தவர் பலர் மன்னித்தலின் பக்கமும், யூதர் பலர் மௌனத்தின் பக்கமும் நின்றனர். இதற்கு வேரொன்றுண்டு. கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா, பாவநிவிர்த்தி நாளானது மனிதன் கடவுளுக்கு எதிராகச் செய்ததைத் தீர்க்கும். அயலானுக்கு எதிராகச் செய்ததை, அந்த அயலானைச் சாந்தப்படுத்தும்வரை தீர்க்காது என்று விதிக்கின்றது. அந்நாளின் பிற்பகல் தொழுகையில் யூதர் வாசிப்பது யோனாவின் நூல் என்பது பொருத்தமானதே.

கிறிஸ்தவர்கள் இவ்விதியைத் தமக்கு அந்நியமானதாகக் கொள்ளுதல் தவறு. பலிபீடத்தண்டை வந்தபின், சகோதரனுக்கு உன்பேரிற் குறையுண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலிற் போய் ஒப்புரவாகு என்று மலைப்பிரசங்கத்தில் இயேசுவே கூறுகின்றார். கடவுளிடம் செல்லும் வழி அயலானின் வீட்டைச் சுற்றிக்கொண்டே செல்கின்றது. ஆனால் அயலான் இறந்துவிட்டால்? எரிந்த வீட்டில் ஒருவரும் எஞ்சாவிட்டால்?

அலியோஷா தன் தமையனுக்குக் கூறும் விடை ஒன்றுண்டு. எல்லாவற்றையும் எல்லாருக்காகவும் மன்னிக்கக்கூடியவர் ஒருவர் இருக்கின்றார். ஏனெனில் அவரே குற்றமற்ற தம் இரத்தத்தைக் கொடுத்தவர் என்கின்றான். கிறிஸ்தவ விசுவாசத்தின் நெஞ்சம் இதுவே. நீதிபதி உயர்ந்த ஆசனத்திலிருந்து எட்டிப் பார்த்து மன்னிப்பவர் அல்லர்; அவரே அடிபட்டவர்களின் வரிசையில் நின்றவர். ஜேர்மானிய இறையியலாளர் யூர்கன் மோல்ற்மான் 1972இல் வெளியிட்ட 'சிலுவையில் அறையப்பட்ட கடவுள்' என்னும் நூல் இக்கருத்தையே விரித்தது. அவர் இளமையில் ஜேர்மன் படைவீரராகவும், பின்னர் பிரித்தானியரின் போர்க்கைதியாகவும் இருந்தவர். தம் நாட்டவர் செய்தவற்றின் படங்கள் கைதிமுகாமிற் காட்டப்பட்ட பின்னர், கடவுளைப் பற்றிப் பழைய முறையிற் பேச அவரால் இயலவில்லை.

ஆயினும் இவ்விடையை முழுமையாக ஏற்க எமக்குத் தடையொன்றுண்டு. அடிபட்டவன் ஒருவன் மன்னிப்பதனால், அடிபட்ட இன்னொருவனின் வழக்குத் தீர்ந்துவிடுமா? கிறிஸ்து தம்மை அறைந்தவர்களை மன்னிக்க வேண்டினார். அது அவர் உரிமை. தளபதியின் நாய்கள் கிழித்த சிறுவனின் சார்பிலும் அவர் பேசுகின்றார் என்றால், சிறுவனிடம் கேட்டுத்தான் பேசுகின்றாரா? எளியோருக்குச் செய்தது எனக்கே செய்தது என்று மத்தேயு இருபத்தைந்தாம் அதிகாரத்தில் அவர் தம்மை அவர்களோடு ஒன்றாக்கிக்கொள்வது உண்மையே. ஆனால் அந்தப் பகுதி மன்னிப்பைப் பற்றியதன்று, தீர்ப்பைப் பற்றியது! சிறுவனோடு அவர் ஒன்றாயிருப்பது முதலில் அவனுடைய வழக்கை உயிரோடு வைத்திருப்பதற்காகவே. அதனைக் கைவிடுவதற்காக அன்று. இவ்வளவே நாம் உறுதியாகக் கூறலாம்.

இயேசுவிடம் இரக்கம் பெற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று நோக்கினால் இது இன்னும் தெளிவாகும். எரிகோவில் ஆயக்காரர் தலைவனான சகேயுவின் வீட்டிற்கு அவர் அழைப்பின்றியே விருந்தினராகச் செல்கின்றார். சகேயு மனந்திரும்பியதனால் அவர் சென்றாரல்லர். அவர் சென்றதனால் சகேயு எழுந்து நின்றான். இதுவரை கிருபை. பின் நிகழ்ந்தது கணக்கு. ஆஸ்தியிற் பாதி ஏழைகளுக்கு; அநியாயமாய் வாங்கியது நாலத்தனையாக உரியவர்களுக்கு. தானே ஒப்புக்கொண்டவன் எடுத்ததோடு ஐந்திலொரு பங்கு கூட்டிக் கொடுத்தாற் போதுமென்பது மோசேயின் நியாயப்பிரமாணம். சகேயுவோ, ஆட்டைத் திருடி அறுத்தோ விற்றோ விட்டவனுக்கு விதிக்கப்பட்ட அளவைத் தனக்குத் தானே விதித்துக்கொண்டான். இரட்சிப்பு இந்த வீட்டிற்கு வந்தது என்று இயேசு கூறுவது அதன் பின்னரே. யூத ஞானிகள் நினிவேயின் கதையிலும் இத்தகையதொன்றைக் கண்டனர். நினிவேயார் தம் கைகளிலிருந்த கொடுமையை விட்டுத் திரும்பவேண்டும் என அரசன் கட்டளையிட்டதாக மட்டுமே யோனா நூல் கூறுகின்றது. தல்மூதின் ஆசிரியர் ஒருவர் அதற்கு விளக்கம் தருகின்றார்: திருடிய உத்திரமொன்றை ஒருவன் தன் மாளிகையில் வைத்துக் கட்டியிருந்தால், மாளிகை முழுவதையும் இடித்து, அவ்வுத்திரத்தை எடுத்து உரியவனிடம் கொடுத்தான் என்பது. மனந்திரும்புதல் என்பது மனத்தில் மட்டும் நிகழ்வதாயின் இடிபாடுகளுக்கு அவசியமில்லை.

சிலுவையில் அருகே தொங்கிய கள்வன் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லையே என்பர். அவன் கைகள் ஆணியடிக்கப்பட்டிருந்தன. கைகள் கட்டற்றிருப்போர் அவனைத் தமக்கு முன்மாதிரியாகக் காட்டுவது கூச்சமின்மை. அவனிடமும் ஒன்று இருந்தது: நாம் நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம் என்று அவன் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டான். டீட்ரிக் பொன்ஹோபர் 1937இல் எழுதிய நூலிற் 'மலிவான கிருபை' என்று ஒன்றைக் கடிந்துரைத்தார். பாவியை ஏற்றுக்கொள்வதற்குப் பதிலாகப் பாவத்தையே ஏற்புடையதாக்கிவிடும் போதனையை அவர் அப்பெயரால் அழைத்தார். நாசிகளின் ஆட்சியிற் சபை மௌனமாயிருந்த காலத்தில் எழுதப்பட்ட சொல் அது. அவர் 1945 ஏப்பிரல் 9ஆம் திகதி புளொசன்பேர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். கொடுமை செய்த தரப்பார், அடிபட்டவர்களை நோக்கி, மன்னித்து மறந்துவிடுங்கள், அதுவே கிறிஸ்தவப் பண்பு என்று உபதேசிப்பதை எந்நாட்டிற் கேட்டாலும் அச்சொல்லை நினைவுகூரலாம்.

இறுதியில் எல்லாரும் மீட்கப்படுவரா என்னும் கேள்வியையும் இங்கே தொடாமல் விடமுடியாது. மூன்றாம் நூற்றாண்டில் ஒரிஜன் அவ்வாறு எண்ணினார். ஆறாம் நூற்றாண்டில் அவர் பெயரால் வழங்கிய கருத்துகள் கண்டிக்கப்பட்டன. ஆயினும் அதே நம்பிக்கையைக் கொண்டிருந்த நீசா நகர் கிரகோரி இன்றும் புனிதராகப் போற்றப்படுகின்றார். ஒகஸ்தீனோ 'கடவுளின் நகரம்' என்னும் நூலின் இருபத்தோராம் பகுதியில், நரகம் முடிவுள்ளதென எண்ணிய மென்மனத்தினரை மறுத்து எழுதினார். இருபதாம் நூற்றாண்டிற் பல்தசார், எல்லாரும் மீட்கப்படுவர் என்று அறிந்துரைக்க நமக்கு உரிமையில்லை, நம்புவதற்கு உரிமையுண்டு, கடமையும் உண்டு என்றார். இதனை இங்கு விரிக்கவில்லை. எத்தனை பேர் என்னும் எண்ணிக்கையைவிட, எவ்வாறு என்பதே நம் கேள்விக்கு நெருக்கமானது. அதில் நாம் கண்டவற்றுட் பொருளுடைய கூற்று, பதினாறாம் பெனடிக்ற் 2007இல் நம்பிக்கை குறித்து எழுதிய சுற்றுமடலில் உள்ளது. தொஸ்தோயெவ்ஸ்கியைக் குறிப்பிட்டே அவர் கூறுவது: கிருபை நீதியை அழிப்பதில்லை, நித்திய விருந்தில், ஒன்றுமே நடவாததுபோல், கொடியவர்கள் தாம் வதைத்தவர்களின் அருகே அமர்வதில்லை. அமரவே மாட்டார்கள் என்று அவர் கூறவில்லை. ஒன்றும் நடவாததுபோல் என்பதையே மறுக்கின்றார். அப்படியாயின் பந்திக்கு முன் ஏதோ நிகழவேண்டும். இழைக்கப்பட்டது சொல்லப்படவேண்டும்; இழைத்தவன் அதைக் கேட்கவேண்டும்; இழைக்கப்பட்டவன் பேசவோ பேசாதிருக்கவோ வாய்ப்புப் பெறவேண்டும். தீர்ப்பு என்று சபை எதைக் கூறுகின்றதோ, அது இதுவாயின், இவான் தன் சீட்டைச் சற்றுநேரம் கையில் வைத்திருக்கலாம். யோனாவின் சினத்திற்கும் அங்கே ஓர் ஆசனம் இருக்கும்.

அந்நிகழ்ச்சி எத்தன்மையது என்பதற்கு யோவான் சுவிசேஷத்தின் இறுதி அதிகாரத்தில் ஒரு சாயல் உண்டு. உயிர்த்தெழுந்த இயேசு திபேரியாக் கடற்கரையிற் கரிநெருப்பு மூட்டி, சீடருக்குக் காலையுணவு ஆயத்தம் செய்கின்றார். கரிநெருப்பைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகின்றது. மற்றையது பிரதான ஆசாரியனின் முற்றம். அங்கே குளிர்காய்ந்துகொண்டுதான் பேதுரு அவரை அறியேனென்று மறுதலித்தான். இப்போது கரையில், உண்டு முடிந்தபின், அவர் பேதுருவிடம் கேட்கின்றார்: என்னை நேசிக்கிறாயா? மன்னித்தேன் என்று ஒரு சொல்லும் அவ்விடத்தில் இல்லை. குற்றத்தைச் சுட்டும் சொல்லும் இல்லை. மூன்று முறை கேட்கின்றார். மூன்று முறையும் ஆடுகளை அவனிடம் ஒப்படைக்கின்றார். மூன்றாம் முறை கேட்டபோது பேதுருவின் மனம் நொந்தது.